வெள்ளைபடுதலும் குறைமாதப் பிரசவமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வந்தன. மாதம் நிறைவதற்கு முன் பிள்ளை பிறந்தது, அல்லது பிறந்துவிடுமோ என்ற பயம், கூடவே 'கீழே கிருமி' என்று யாரோ சொன்ன ஒரு வார்த்தை. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். எழுதியவர் யார் என்று தெரியாதபடி பெயர்களையும் தோட்டங்களின் பெயர்களையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: டொக்டர் அம்மா, எனக்கு 27 வயது. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். முதல் பிள்ளை 31 வாரத்திலேயே பிறந்துவிட்டது. ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துதான் கொடுத்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறாள். அப்போது வார்டில் ஒரு டொக்டர் 'கீழே கிருமி இருந்திருக்கு, அதனாலதான் முந்திப் பிறந்திருக்கு' என்றார். மாமியாரோ நான் மலை ஏறி இறங்கினதாலும் அன்னாசி சாப்பிட்டதாலும்தான் என்கிறார். இப்போது மறுபடியும் 11 வாரம். அந்தக் கிருமிக்கு முன்கூட்டியே மருந்து எடுத்தால் இந்தப் பிள்ளையை முழு மாதம் சுமக்கலாமா?

பதில்: மகள், முதலில் மாமியார் சொன்னதை முடித்துவிடுவோம். அன்னாசி சாப்பிட்டதால் பிள்ளை முந்திப் பிறக்காது. மலை ஏறி இறங்கியது என்று அவர் சொல்வதில் மட்டும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது, நாள் முழுக்க நின்றபடி வேலை செய்வதும் பாரம் தூக்குவதும் குறைமாதப் பிரசவத்தோடு ஓரளவு தொடர்புள்ளவை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே நிறைந்த கூடையையும் சாக்கையும் கொழுந்து நிறுக்கிற இடத்துக்குச் சுமந்து போவதை இந்த முறை வேறு யாராவது செய்யட்டும். கிளினிக்கில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு இலகுவான வேலை கேளுங்கள், கேட்பதற்குத் தயங்க வேண்டாம். ஆனால் வயிற்றுக்காக வேலைக்குப் போன ஒரு பெண்ணிடம் 'நீதான் காரணம்' என்று யார் சொன்னாலும் அதை நான் ஏற்க மாட்டேன், நீங்களும் ஏற்க வேண்டாம்.

இனி அந்தக் கிருமி. பெண்ணுறுப்பின் உட்பாதையில் பக்டீரியாக்கள் இருப்பது நோயே இல்லை, இருக்கத்தான் வேண்டும். லாக்டோபசில்லஸ் என்ற இனம் அங்கே குடியிருந்து லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி அந்த இடத்தைப் புளிப்பாக வைத்திருக்கிறது, பீ.எச். அளவில் சொன்னால் 3.8 முதல் 4.5 வரை. அந்தப் புளிப்பில் மற்றவை பெருகுவது கஷ்டம். தேயிலை நெருக்கமாக மூடி நிற்கிற மலையில் புல் அவ்வளவாக முளைக்காது, செடி செத்து வெற்றிடம் விழுந்த இடத்தில்தான் மண்டும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இதுவும் அப்படித்தான். லாக்டோபசில்லஸ் குறைந்தால் கார்ட்னெரெல்லா, பிரிவோட்டெல்லா, ஸ்னீத்தியா என்று வேறு பல பக்டீரியாக்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இந்த நிலைக்குத்தான் பக்டீரியல் வஜினோசிஸ் என்று பெயர், கிளினிக் கார்டில் சுருக்கமாக பீ.வி. என்று எழுதுவார்கள். சுத்தமில்லாததால் வருவது என்று நினைக்காதீர்கள். உலகம் முழுவதும் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இது இருக்கிறது, அதில் பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது.

இதற்கும் பிரசவ வலிக்கும் என்ன சம்பந்தம் என்றால், கர்ப்பப்பையின் வாயைக் கெட்டியான ஒரு சளி அடைத்துக்கொண்டிருக்கும், கீழே உள்ளது மேலே போகாமல் தடுப்பதும் அதன் ஒரு வேலை. சில பெண்களில் இந்த பக்டீரியாக்கள் அந்த அடைப்பையும் தாண்டி மேலே ஏறி, பிள்ளையைச் சுற்றியுள்ள பன்னீர்க்குடத்தின் சவ்வு வரைக்கும் போய்விடுகின்றன. உடம்பு சும்மா இருக்குமா, எதிர்த்துப் போராட ஆரம்பிக்கிறது. அந்தப் போராட்டத்தில் அழற்சி உண்டாகி, அதன் தொடர்ச்சியாக புரொஸ்டகிளாண்டின் என்ற பொருள் கூடுகிறது. மாதம் நிறைந்த பிறகு வலியைக் கிளப்பிவிடுவதும் கர்ப்பப்பை வாயை மெதுவாக்குவதும் இதே பொருள்தான். கூடவே சில நொதிகள் சவ்வை அரித்துப் பலவீனமாக்குகின்றன. ஒன்று நேரமில்லாத நேரத்தில் வலி வருகிறது, இல்லாவிட்டால் வலியே இல்லாமல் பன்னீர்க்குடம் உடைகிறது. 37 வாரம் முடிவதற்குள் பிறப்பதைக் குறைமாதம் என்கிறோம், ஆனால் எவ்வளவுக்கு எவ்வளவு முந்திப் பிறக்கிறதோ அவ்வளவுக்கு இந்த மாதிரித் தொற்று காரணமாக இருக்கும் வாய்ப்பும் கூடுகிறது. அந்த டொக்டர் உங்கள் 31 வாரத்தைப் பார்த்து அப்படிச் சொன்னதில் ஆச்சரியமில்லை.

அப்படியானால் எல்லாருக்கும் மருந்து கொடுத்துவிடலாமே? நீங்கள் கேட்கிற இதே கேள்வியைத்தான் மருத்துவ உலகமும் பல வருடங்கள் கேட்டது. கர்ப்ப காலத்தில் பீ.வி. இருப்பவர்களுக்குக் குறைமாதப் பிரசவ ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு, பீ.வி.யை அழிக்க மருந்து இருக்கிறது, கொடுத்தால் சரியாகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், அறிகுறி இல்லாத பீ.வி. உள்ள கர்ப்பிணிகள் 1,953 பேரில் பாதிப்பேருக்கு மெட்ரோனிடசோல் என்ற மருந்தும் மீதிப்பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 12.2 சதவீதம் பேருக்குக் குறைமாதத்தில் பிறந்தது, எடுக்காதவர்களில் 12.5 சதவீதம். வித்தியாசமே இல்லை. பிரான்சில் இன்னும் முந்திக் கொடுத்துப் பார்த்தார்கள், 14 வாரத்துக்கு முன்பே 84,530 கர்ப்பிணிகளைப் பரிசோதித்து பீ.வி. உள்ளவர்களுக்குக் கிளின்டமைசின் கொடுத்து, முடிவை 2018இல் வெளியிட்டார்கள். அதிலும் பலன் இல்லை, வயிற்றுப்போக்குத்தான் கூடியது.

ஏன் இப்படி? பீ.வி. பக்டீரியாக்கள் ஒரு பசைப்படலமாக ஒட்டிக்கொண்டு இருப்பதால் மருந்து முழுதாக எட்டுவதில்லை, குணமானவர்களில் பாதிப்பேருக்கு மேல் ஒரு வருடத்துக்குள் திரும்ப வருகிறது. அதோடு கெட்டதை அழிப்பது ஒன்று, நல்ல லாக்டோபசில்லஸைத் திரும்பக் குடிவைப்பது வேறொன்று. நோய் எதிர்ப்பு எப்படிக் கிளம்புகிறது என்பதும் ஆளுக்கு ஆள் மாறுகிறது, ஒரே பக்டீரியா ஒருத்திக்கு வலியைக் கொண்டுவரும், இன்னொருத்தி ஒன்றும் தெரியாமலே 39 வாரத்தில் பெற்றெடுப்பாள். பீ.வி. உள்ள பெண்களில் பெரும்பாலானவர்கள் மாதம் நிறைந்துதான் பெறுகிறார்கள் மகள், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே பார்மசியில் மாத்திரை வாங்கி முன்கூட்டியே விழுங்குவது வேண்டாம். அதற்காக உங்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. முதல் பிள்ளை 31 வாரத்தில் பிறந்தது என்பதை, வாரக்கணக்கோடு, முதல் கிளினிக்கிலேயே சொல்லிக் கார்டில் எழுதவையுங்கள், ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது தந்த பழைய டயக்னோசிஸ் கார்ட் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். வி.ஓ.ஜி. என்கிற மகப்பேற்று நிபுணரான டொக்டரிடம் அனுப்பச் சொல்லுங்கள். 16 முதல் 24 வாரத்துக்குள் உள்வழி ஸ்கான் செய்து கர்ப்பப்பை வாயின் நீளத்தை அளப்பது உங்களைப் போன்றவர்களுக்கு உண்மையிலேயே பயன்படும் ஒரு விஷயம். அது 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் இரவில் வைக்கிற புரோஜெஸ்ட்ரோன் மாத்திரையோ, வாயை இறுக்கிப் போடுகிற ஒரு தையலோ உதவலாம். வெள்ளைபடுவதில் நாற்றமோ நிறமாற்றமோ வந்தால் அன்றைக்கே சொல்லிப் பரிசோதிக்க வேண்டும், அறிகுறி உள்ளவர்களுக்கு மருந்து கட்டாயம் கொடுப்பார்கள். உங்களுக்கு முந்திய குறைமாதப் பிரசவம் இருப்பதால் அறிகுறி இல்லாமலும் ஒருமுறை பரிசோதிக்கலாமா என்று வி.ஓ.ஜி.யிடம் கேட்பதில் தப்பில்லை, அவர் உங்கள் நிலையைப் பார்த்து முடிவு செய்வார்.

சிறுநீர்ப் பரிசோதனையையும் தவறவிடாதீர்கள். மலையில் மலசலகூடம் இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல், வந்தாலும் அடக்கிக்கொண்டு நிற்கிற பெண்கள் எத்தனை பேர்! சிறுநீரில் தொற்று இருந்து அது சிறுநீரகம் வரைக்கும் ஏறினால் அதுவும் வலியைக் கிளப்பும். பீ.வி. போல இல்லாமல் இதற்கு அறிகுறி இல்லாவிட்டாலும் மருந்து கொடுத்தால் பலன் உண்டு. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் புகையிலையை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

கேள்வி: வணக்கம் மிஸ். தலவாக்கலையில் இருந்து எழுதுகிறேன், 22 வாரம். கொஞ்ச நாளாக வெள்ளை தண்ணி மாதிரி சாம்பல் நிறத்தில் போகிறது, மீன் நாற்றம் அடிக்கிறது. வீட்டுக்காரர் கிட்டே வந்தால்கூட வெட்கமாக இருக்கிறது. தினமும் டெட்டோல் ஊற்றிய சுடுதண்ணியில் உள்ளே வரை கழுவுகிறேன், குறையவில்லை. கிளினிக்கில் ஆம்பிளை டொக்டர், பக்கத்தில் நாலு பேர் நிற்கிறார்கள். எப்படிச் சொல்வது?

பதில்: தங்கச்சி, டெட்டோலை இன்றோடு நிறுத்துங்கள். சோப்பு, உப்புத் தண்ணி, வேப்பிலைத் தண்ணி, எதையும் உள்ளே விட்டுக் கழுவ வேண்டாம். மிச்சம் இருக்கிற நல்ல பக்டீரியாவையும் அது கழுவிக்கொண்டு போய்விடும், நாற்றம் கூடும், நீங்கள் இன்னும் அதிகமாகக் கழுவுவீர்கள், இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். வெளிப்புறத்தை மட்டும் வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். குளிரிலும் மழையிலும் உள்ளாடை ஒழுங்காகக் காயாமல் ஈரத்தோடு உடுத்துகிற கஷ்டம் நம் பக்கத்தில் எப்போதும் இருக்கிறது, முடிந்தால் அடுப்புப் பக்கத்திலாவது நன்றாக உலர்த்தி உடுத்துங்கள்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பீ.வி. போலத்தான் இருக்கிறது, ஆனால் கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்ல முடியாது. கர்ப்ப காலத்தில் வெள்ளைபடுவது கூடுவது சாதாரணம்தான், பால் போல, நாற்றமில்லாமல், அரிப்பில்லாமல் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. தயிர்க்கட்டி மாதிரி திட்டுத் திட்டாக வந்து அரிப்புத் தாங்க முடியாமல் இருந்தால் அது பெரும்பாலும் கென்டிடா என்ற பூஞ்சை, அதற்கு உள்ளே வைக்கிற மாத்திரை கொடுப்பார்கள். மஞ்சளோ பச்சையோ நுரையாக வந்து எரிச்சலும் இருந்தால் ட்ரைக்கோமோனாஸாக இருக்கலாம், அது உறவின் மூலம் பரவுவது, வீட்டுக்காரருக்கும் சேர்த்து மருந்து வேண்டும். மெல்லிய சாம்பல் வெள்ளை, மீன் நாற்றம், அரிப்பு அதிகமில்லை என்றால் பீ.வி. இவை ஒன்றோடொன்று கலந்தும் வரும், அதனால்தான் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்த மருந்தை நீங்கள் வாங்கிப் போடக்கூடாது என்கிறேன்.

பரிசோதனை பெரிய விஷயமில்லை. பஞ்சு சுற்றிய ஒரு குச்சியால் கொஞ்சம் எடுத்து, புளிப்பு அளவைப் பார்ப்பார்கள், மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். பல இடங்களில் அந்தக் குச்சியை உங்களிடமே கொடுத்து நீங்களே எடுத்துத் தரும்படியும் செய்யலாம், கேட்டுப் பாருங்கள். பீ.வி. என்றால் வழக்கமாக மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம் மாத்திரை காலை மாலை 7 நாள், அல்லது கிளின்டமைசின். மெட்ரோனிடசோல் கர்ப்பிணிகளுக்கு நீண்ட காலமாகக் கொடுத்து வருகிற மருந்து, பிள்ளைக்கு ஊனம் வரும் என்று சொல்வதற்கு ஆதாரமில்லை. வாயில் இரும்பு ருசி வரும், கொஞ்சம் குமட்டும், சாப்பிட்ட பிறகு போடுங்கள். மூன்றாம் நாளே நாற்றம் போய்விட்டது என்று மிச்சத்தை எடுத்து வைக்க வேண்டாம், ஏழு நாளும் முடிக்க வேண்டும். முதல் கேள்விக்கு மருந்தால் பலனில்லை என்று எழுதிவிட்டு இங்கே மருந்து என்கிறேனே என்று குழம்பாதீர்கள். அங்கே சொன்னது அறிகுறி இல்லாதவர்களுக்குக் குறைமாதத்தைத் தடுக்கவென்று கொடுப்பதைப் பற்றி. உங்களுக்கு இப்போது தொல்லை இருக்கிறது, அந்தத் தொல்லை தீர வேண்டும்.

எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள், எனக்கு இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் சொல்லத் தெரியாமலே எத்தனையோ பெண்கள் வாரக்கணக்கில் இதைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள். ஒரு சின்னத் துண்டுக் காகிதத்தில் 'வெள்ளை படுது, மீன் நாற்றம், 2 வாரமா இருக்கு, தனியாப் பேசணும்' என்று எழுதி கார்டுக்குள் வைத்துக் கொடுத்துவிடுங்கள். தமிழில் எழுதினால் டொக்டருக்குப் புரியாதோ என்று இருந்தால் உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸியிடம் முதலில் சொல்லுங்கள், வீட்டுக்கு வருகிறபோது இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) மாமியார் முன்னால் சொல்ல முடியாவிட்டால் 'கொஞ்சம் உள்ளே வாங்க மிஸ்ஸி' என்று கூப்பிடுங்கள். மிஸ்ஸிகள் இதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள். பரிசோதிக்கும்போது ஒரு பெண் தாதி பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது, திரை போடச் சொல்லலாம். டொக்டர் ஆண் என்பதற்காக ஒரு கிளினிக்கைக்கூட விடாதீர்கள்.

கேள்வி: பண்டாரவளையில் த்ரீவீல் ஓட்டுகிறேன் டொக்டர். மனைவிக்கு 18 வாரம், பீ.வி. என்று மருந்து கொடுத்திருக்கிறார்கள். போன வருடமும் இது வந்தது. என்னால்தான் வருகிறதா? நானும் மருந்து எடுக்க வேண்டுமா? அவள் கேட்கச் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன்.

பதில்: தம்பி, நீங்களாக எழுதியது எனக்குப் பெரிய சந்தோஷம். இந்தப் பகுதிக்கு ஆண்கள் எழுதுவதே குறைவு.

பீ.வி. வந்தால் யாரோ தப்பு செய்துவிட்டார்கள் என்று அர்த்தம் எடுக்கவே கூடாது, மனைவியைச் சந்தேகப்படுவதற்கும் இடமில்லை, உங்களை நீங்களே குற்றம் சொல்வதற்கும் இடமில்லை. ஆனால் ஆணின் உடம்பிலும் இந்த பக்டீரியாக்கள் தங்கியிருந்து உறவின்போது திரும்பப் போகின்றன என்பது இப்போது முன்னைவிடத் தெளிவாகியிருக்கிறது. 2025இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், மனைவியோடு சேர்த்துக் கணவனுக்கும் ஒரு வாரம் மாத்திரையும் பூசுகிற கிரீமும் கொடுத்தபோது 12 வாரத்துக்குள் பீ.வி. திரும்ப வந்தது 35 சதவீதம் பேருக்கு, பெண்ணுக்கு மட்டும் கொடுத்த குழுவில் 63 சதவீதம் பேருக்கு. பெரிய வித்தியாசம்தான். ஆனால் அந்தப் பெண்கள் கர்ப்பிணிகள் அல்ல, குறைமாதப் பிரசவம் இதனால் குறையுமா என்று அந்த ஆய்வு பார்க்கவும் இல்லை. அதனால் நீங்கள் தனியாகப் போய் மாத்திரை வாங்காமல் மனைவியோடு அடுத்த கிளினிக்குக்குப் போய் அங்கேயே கேளுங்கள். அவர் மருந்து முடிக்கும் வரைக்கும் உறவு வேண்டாம், அதற்குப் பிறகு கொண்டம் பாவிப்பது நல்லது.

கேள்வி: தயிர் சாப்பிட்டால் நல்ல பக்டீரியா வரும் என்று போனில் பார்த்தேன். அதை உள்ளே வைக்கவும் சொல்கிறார்கள், உண்மையா? (ஹாலிஎல வாசகி)

பதில்: சாப்பிடுங்கள், நல்ல சாப்பாடு. உள்ளே வைக்க வேண்டவே வேண்டாம். தயிரில் இருக்கிற இனங்களும் பெண்ணுறுப்பில் குடியிருக்கிற இனங்களும் ஒன்றல்ல, அங்கே நமக்கு வேண்டியது பெரும்பாலும் லாக்டோபசில்லஸ் கிரிஸ்பாட்டஸ் என்ற வகை. நல்ல பக்டீரியா அடங்கிய புரோபயோடிக் மாத்திரைகளால் குறைமாதப் பிரசவம் குறைந்ததாகவும் இதுவரை எந்த ஆய்வும் உறுதியாகக் காட்டவில்லை, அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள், கிளினிக்கில் தருகிற திரிபோஷா சத்துமாவை வீட்டில் எல்லாருக்கும் பங்கு போடாமல் நீங்களே சாப்பிடுங்கள்.

கேள்வி: நான் பொகவந்தலாவைப் பக்கம், மகளுக்காக எழுதுகிறேன். 30 வாரத்தில் ராத்திரி பத்து மணிக்குத் தண்ணி மாதிரி போனது. வலி இல்லை. நல்ல மழை, ரோட்டுக்கு வர அரை மணி நேரம் நடக்க வேண்டும். வலி வரட்டும் என்று விடிய விடியப் பார்த்திருந்தோம். காலையில் போனதும் ஏன் ராத்திரியே வரவில்லை என்று ஏசினார்கள். மூன்றாம் நாள் பிள்ளை பிறந்தது, பிழைத்துக்கொண்டது. ராத்திரியே போயிருந்தால் என்ன வித்தியாசம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இன்னொரு பிள்ளைக்கு இது நடக்கக்கூடாது என்றுதான் கேட்கிறேன்.

பதில்: அம்மா, உங்களை ஏசியதற்குப் பதிலாக இதை அன்றைக்கே விளக்கியிருக்க வேண்டும். ரோடு இல்லாத லயத்திலிருந்து மழையில், இருட்டில், ஒரு கர்ப்பிணியைக் கொண்டுவருவது என்ன பாடு என்பது எனக்குத் தெரியும்.

வலி வரட்டும் என்று காத்திருந்தீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. மாதம் நிறையாமல் பன்னீர்க்குடம் உடைந்தால், வலி வருவதற்கு முன் கிடைக்கிற நேரம்தான் டொக்டர்களுக்குக் கிடைக்கிற நேரம். அந்த நேரத்துக்குள் அவர்கள் செய்ய வேண்டியது பல இருக்கிறது. முதலாவது, பிள்ளையின் நுரையீரலைப் பக்குவப்படுத்தத் தாய்க்குப் போடும் ஸ்டெரொயிட் ஊசி, டெக்ஸாமெதசோன் என்றால் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. 1972இல் நியூசிலாந்தில் இரண்டு டொக்டர்கள் இதை முதலில் நிரூபித்தார்கள், குறைமாதப் பிள்ளைகளைக் காப்பாற்றியதில் இதற்கு இணையாகச் சொல்லக்கூடியவை மிகக் குறைவு. முந்திப் பிறக்கிற பிள்ளையின் நுரையீரல் காற்றுப்பைகள் விரிந்து நிற்கத் தேவையான சர்ஃபக்டன்ட் என்ற பொருள் போதுமான அளவு இருக்காது, மூச்சுத் திணறும். இந்த ஊசி அதைக் குறைக்கிறது, மூளையில் இரத்தம் கசிவதையும் குறைக்கிறது. ஆனால் முழுப் பலன் கிடைக்க ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். உங்கள் மகளுக்கு மூன்று நாள் கிடைத்தது நல்ல காலம். வலி அன்றிரவே தொடங்கி விடியற்காலையில் பிறந்திருந்தால் அந்த ஊசிக்கு வேலை செய்ய நேரமே இருந்திருக்காது.

அடுத்தது அன்டிபயோடிக். குடம் உடைந்துவிட்டால் கீழேயுள்ள பக்டீரியாக்களுக்கும் பிள்ளைக்கும் நடுவில் தடுப்பு இல்லை, அதனால் எரித்ரோமைசின் 10 நாள் வரைக்கும் கொடுப்பார்கள். 2001இல் வெளிவந்த, 4,800க்கு மேற்பட்ட தாய்மார் பங்குபெற்ற ஒரு பெரிய ஆய்வின் முடிவிலிருந்து வந்த நடைமுறை இது. அதே ஆய்வில் கோ-அமொக்ஸிகிளாவ் கொடுத்த தாய்மாரின் பிள்ளைகளுக்குக் குடல் அழுகும் நோய் கூடியது, அதனால் கையில் கிடைத்த ஏதோ ஒரு மாத்திரையை வீட்டில் கொடுத்து அனுப்பக்கூடாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், குடம் உடையாமல் வெறும் வலி மட்டும் வந்தவர்களுக்கு, தொற்றுக்கு வேறு அறிகுறி இல்லாவிட்டால், அன்டிபயோடிக் வழக்கமாகக் கொடுப்பதில்லை, அவர்களுக்கு அதனால் நன்மை கிடைக்கவில்லை, பிறகு வளர்ந்த பிள்ளைகளில் பாதிப்புத்தான் கொஞ்சம் கூடியிருந்தது. பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு மருந்து ஏறுகிறது, என் மகளுக்கு ஏன் இல்லை என்று வார்டில் மனம் வருந்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரசவம் உறுதியாகத் தொடங்கிவிட்டால் பிள்ளைக்கு ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தொற்று வராமல் இருக்க பெனிசிலின் கொடுப்பது வேறு கணக்கு.

மூன்றாவது, இடம். பிள்ளை வயிற்றுக்குள் இருக்கும்போதே, இங்குபேட்டரும் மூச்சுக்கு உதவும் கருவியும் உள்ள ஆஸ்பத்திரிக்குத் தாயை மாற்றிவிட வேண்டும். பிறந்த பிறகு 1.4 கிலோ பிள்ளையைக் குளிரில் வளைவு வளைவான ரோட்டில் கொண்டுபோவதைவிட அது எவ்வளவோ மேல். வலி தொடங்கியிருந்தால் அதை இரண்டு நாள் தள்ளிப்போட நிஃபெடிபின் கொடுக்கிறார்கள், அது இந்த மாற்றத்துக்கும் ஊசிக்கும் நேரம் வாங்கத்தான். பிரசவம் நெருங்கிவிட்டால் பிள்ளையின் மூளையைக் காக்க மக்னீசியம் சல்பேட் ஏற்றுவார்கள். தாய்க்குக் காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, வயிற்றைத் தொட்டால் வலி, போகிற தண்ணியில் கெட்ட நாற்றம் என்று வந்துவிட்டால் கர்ப்பப்பைக்குள்ளேயே தொற்று ஏறிவிட்டது, அப்போது காத்திருக்க முடியாது, எத்தனை வாரமானாலும் பிரசவம் பார்த்துவிடுவார்கள், இல்லாவிட்டால் தாயின் உயிருக்கே ஆபத்து. வீட்டில் கழிகிற ஒவ்வொரு மணி நேரமும் இந்தப் பக்கம்தான் கொண்டுபோகிறது.

மற்றவர்களுக்குச் சொல்ல நினைக்கிறீர்கள், இதைச் சொல்லுங்கள். 37 வாரத்துக்கு முன் தண்ணி போனால், கொஞ்சமாகப் போனாலும், வலி இல்லாவிட்டாலும் உடனே போக வேண்டும். சிறுநீரா தண்ணியா என்று சந்தேகமென்றால் காய்ந்த துணி ஒன்றை வைத்து அரை மணி நேரம் படுத்துவிட்டு எழும்பிப் பார்க்கலாம், எழும்பியதும் திரும்பச் சளக்கென்று போனால் பெரும்பாலும் பன்னீர்தான், ஆனால் அது வண்டிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிற நேரத்தில் செய்கிற சோதனை. வயிறு கல் மாதிரி இறுகி இறுகி விடுவது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வருவது, இடுப்பில் விட்டு விட்டு வலி, கீழே அழுத்துகிற மாதிரி பாரம், இரத்தம், இவற்றுக்கும் அப்படித்தான். 'சூட்டு வலி' என்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக்கொண்டு இருக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்பியூலன்சுக்குக் காசு இல்லை. எத்தனை வாரம், தண்ணி போகிறது, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், வண்டி எது வரைக்கும் வரும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரோட்டுக்கு நடக்க வேண்டிய இடமென்றால் யார் தூக்குவது, மழையில் எந்த வழி என்று 28 வாரத்திலேயே பக்கத்து வீட்டுப் பையன்களோடு பேசி வையுங்கள், கார்டையும் துணிகளையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். கையை உள்ளே விட்டுப் பார்க்க யாரையும் விடாதீர்கள், அதனால் பக்டீரியா மேலே போகும்.

கேள்வி: என் மனைவிக்கு 33 வாரத்தில் பிள்ளை பிறந்து இப்போது வார்டில் இருக்கிறார்கள். தன் உடம்பில் கிருமி இருப்பதால் பிள்ளையைத் தொட்டால் தொற்றிவிடும் என்று பயந்து தூக்க மாட்டேன் என்கிறாள். பாலும் கறந்து கீழே ஊற்றுகிறாள். என்ன சொல்வது? (வட்டவளை வாசகர்)

பதில்: தம்பி, இந்தப் பக்கத்தை அப்படியே வார்டுக்குக் கொண்டுபோய் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

தங்கச்சி, உங்கள் தோலிலோ பாலிலோ பிள்ளைக்கு ஆபத்தான ஒன்றும் இல்லை. பீ.வி. பக்டீரியா கையாலோ நெஞ்சாலோ பிள்ளைக்குத் தொற்றி நோயாவதில்லை. பிள்ளைக்கு ஏதாவது தொற்று இருந்தால் அதை டொக்டர்கள் இரத்தத்தில் பார்த்து ஏற்கனவே மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள், உங்கள் நெஞ்சு அதற்குக் காரணமில்லை. மறுபக்கம், நீங்கள் தூக்காமல் இருப்பதால்தான் பிள்ளைக்கு நட்டம். 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில் இங்குபேட்டர் போதாமல் தாயின் நெஞ்சோடு பிள்ளையைக் கட்டிவைக்கத் தொடங்கினார்கள், இன்றைக்கு உலக சுகாதார நிறுவனம் குறைமாதப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை இதைச் செய்யச் சொல்கிறது. 2022இல் அது வெளியிட்ட வழிகாட்டலில், நிலை தேறும் வரைக்கும் காத்திருக்காமல் பிறந்தவுடனேயே தொடங்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது. பிள்ளையின் சூடு குறையாது, மூச்சு ஒழுங்காகும், தொற்றுக்கூடக் குறைகிறது. கிருமிக்குப் பயந்து நீங்கள் விலகி நிற்கிறீர்கள், உண்மையில் உங்கள் தோலில் இருக்கிற சாதாரண பக்டீரியாக்கள் பிள்ளையின் உடம்பில் குடியேறுவது நல்லது, ஆஸ்பத்திரிக் கிருமிகள் குடியேறுவதற்கு முன் அவை போக வேண்டும்.

பாலை ஊற்ற வேண்டாம். குறைமாதப் பிள்ளையின் குடலைக் காப்பதில் தாய்ப்பாலுக்கு ஈடு எந்தப் பால்மாவும் இல்லை, ஒரு தேக்கரண்டி என்றாலும் அது மருந்து. கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மிஸ்ஸியிடம் 'பிள்ளையை நெஞ்சோட வைக்கணும், எப்படி என்று காட்டுங்க' என்று கேளுங்கள். டியூப் மாட்டியிருந்தாலும் வைக்கலாம், எப்போது, எவ்வளவு நேரம் என்று அவர்கள் சொல்வார்கள். நீங்கள் களைத்துப்போனால் வீட்டுக்காரரும் சட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம், வார்டில் விடமாட்டோம் என்றால் ஏன் என்று மரியாதையாகக் கேளுங்கள், பார்க்க வரும் நேரத்திலாவது விடச் சொல்லுங்கள்.